இடது பக்கம் போன குண்டு

ஆறாவது குண்டும் மூடியைத் தொடாமல் போனபோது டெல்மர் சிரித்தான். சும்மா சிரிக்கவில்லை, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். ட்வைலாவுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"மூடிக்கு ஒரு கீறல்கூட இல்ல. எடுத்துக் கழுவி மறுபடியும் காப்பி டப்பாவுக்கே போட்டுடலாம்," என்றான் அவன். "ட்வைலா, மான் கிட்ட வந்தா துப்பாக்கியத் தலைகீழாப் பிடிச்சு மண்டையில ஒரு போடு போடு. உனக்கு அதுதான் சரிப்படும்."

டெல்மர் அவள் கணவனின் தம்பி. அந்த வேட்டைக் கேபினில் அவனைவிடக் குறி தப்பாதவன் கிடையாது, அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரியும். பக்கத்தில் நின்ற லமார் வாய் திறக்காத மனிதர், அவர்கூடத் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். கேபினுக்கு மூத்தவரான எல்வுட் மாமா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு மேட்டைப் பார்த்தார். மடக்கு நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஹார்லன், அதாவது அவளுடைய கணவன், நடுங்கும் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "கல்லு மழுங்கியிருக்கும், மாத்து," என்றான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் பருவத்தில் பென்சில்வேனியா மலைகளில் சக்கிமுக்கித் துப்பாக்கி மட்டும்தான். குழலின் வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு, எச்சில் நனைத்த துணிச்சில்லில் ஈயக் குண்டைச் சுற்றி, கோலால் இடித்து இறக்கி, கல் உரசிப் பொறி பறக்கச் சுட வேண்டும். ஒரே குண்டு. அடுத்ததை இடித்துக் கெட்டிப்பதற்குள் மான் அடுத்த மலையில் இருக்கும். ஒருமுறை யாரோ வயிற்றில் சுட்ட பெண்மான் ஒன்று சாகவும் முடியாமல் நாள்கணக்கில் ஓடைக்கரையில் கிடந்தது. அதைப் பார்த்த வருஷம் கேபின்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். பருவத்துக்கு முந்திய சனி, ஞாயிறில் ஐம்பது கஜத்தில் காப்பி டப்பா மூடியை ஆணியடித்து வைப்பார்கள். தொடர்ந்து மூன்று குண்டு அதற்குள் விழ வேண்டும். விழாதவன் அந்த வருஷம் சமையலறையில் முட்டை பொரிக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. வேட்டைக்குப் போக முடியாமல் போன ஒருவனுடைய இடத்தை அவன் வீட்டு ஆள் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவனுடைய துப்பாக்கியாலேயே மூடித் தேர்வில் தேற வேண்டும். ஹார்லனின் இடம் ஊற்றுப்பாறை. மலையில் அதைவிட நல்ல இடம் இல்லை. அவனுக்குக் கைநடுக்க நோய் வந்த பிறகு இரண்டு வருஷமாக டெல்மர்தான் அங்கே உட்கார்ந்தான். செப்டம்பரில் எல்லோரும் கூடி பீர் குடித்த அன்று ஹார்லனே எழுந்து நின்று சொன்னான்: "என் எடம் ட்வைலாவுக்கு. அவ என்னைவிட நல்லா சுடுவா." எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஒரு பெண் அந்தக் கேபினில் துடைப்பம் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. இருந்தாலும் தட்டினார்கள்.

ட்வைலாவுக்கு அந்தப் பாறை வேண்டும். யாருக்காகவும் இல்லை, தனக்காக. முப்பது வருஷம் ஹார்லனுக்குச் சாப்பாடு கட்டினாள், ரத்தம் தோய்ந்த சட்டையை ஊறவைத்தாள், அந்தப் பாறையில் பனி விழும்போது எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டாள். ஒரு நாளாவது தானும் அங்கே போய், யாரும் "ட்வைலா" என்று கூப்பிடாத இடத்தில் உட்கார வேண்டும். அக்டோபரில் வீட்டுக் கொல்லையில் இதே துப்பாக்கியால் மூன்றையும் மூடிக்குள் போட்டாள், திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு வழக்கப்படி நவம்பரில் கேபினின் பின்தாழ்வாரத்தில் மற்றத் துப்பாக்கிகளோடு மாட்டிவிட்டு வந்தாள். குளிரில் தொங்கின துப்பாக்கி சூடான அறைக்குள் வந்தால் வியர்த்து மருந்தை நனைத்துவிடும் என்பதால், பருவம் முடியும்வரை எல்லாத் துப்பாக்கியும் அங்கேதான் தொங்கும்.

இப்போது ஆறு குண்டு போயாகிவிட்டது. மூடிக்குப் பின்னால் இருப்பது பனி மூடிய மண்மேடு. மூடியில் படாத குண்டு அதற்குள் புதைந்துவிடும். வலது பக்கம் போனதா, இடது பக்கம் போனதா, மேலேயா, கீழேயா, யாருக்கும் தெரியாது.

கல்லை மாற்றினாள். சுட்டாள். மூடி அப்படியே இருந்தது.

"மருந்து ஜாஸ்தியாப் போடற," என்றான் ஹார்லன். "கொஞ்சம் கொறை."

குறைத்தாள். மூடி அப்படியே இருந்தது.

"துணி மெல்லிசு. தீஞ்சு போகுது போல. குண்டு ஆடிட்டுப் போகும்."

ட்வைலா பனியில் முழங்காலிட்டு, சுட்ட துணிச்சில்லுகளைத் தேடிப் பொறுக்கினாள். நடுவில் குண்டின் வட்டம், ஓரத்தில் கொஞ்சம் கரி. கிழியவில்லை, தீயவில்லை. துணி நன்றாகத்தான் இருந்தது. முழங்கால் நனைந்து விறைத்துப் போனதுதான் மிச்சம்.

"ஒவ்வொரு தடவையும் குழலத் துடைச்சிட்டுக் கெட்டி. கரி சேர்ந்திருக்கும்."

துடைத்தாள். கெட்டித்தாள். சுட்டாள்.

"அப்ப நீதான் அதிர்ற, கண்ணு," என்றான் ஹார்லன் மெதுவாக. "பொறி பறக்கறப்ப கண்ணை மூடிக்கற. நான் பாத்தேன். பரவால்ல விடு, எல்லாருக்கும் வராது."

டெல்மர் கையிலிருந்த குச்சியைப் பனியில் நட்டான். "சமையல்கட்டுல ரெண்டு பேர் ஆச்சு. புருஷன் பொண்டாட்டி சேந்து முட்டை பொரிங்க, குடும்பமா இருக்கும்."

"வாய மூடு டெல்மர்," என்றாள் ட்வைலா. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கண் போய்விட்டதா? கை போய்விட்டதா? அக்டோபரில் சுட்டதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டமா? தன்மேலேயே வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

ஞாயிறு காலையில் ஆண்கள் மேப்பிள் பாகு ஊற்றிய அப்பத்தை மொக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து வெளியே போனாள். கொட்டகையில் பழைய குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. ஒரு கதவு உயரம். அதைப் பிரித்து மேட்டில் சாய்த்து, நடுவில் கரியால் மூடி அளவுக்கு வட்டம் போட்டாள். எங்கேதான் போகிறது என்று பார்த்துவிடலாம். ஐந்து குண்டு சுட்டாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் குழலைத் துடைத்து, ஒரே அளவு மருந்து போட்டு. பிறகு நடந்து போய்ப் பார்த்தாள்.

ஐந்தும் ஒரு முஷ்டிக்குள் அடங்கும். அத்தனை நெருக்கம். வட்டத்துக்கு வலப்பக்கம், அரைச் சாண் தள்ளி.

கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை அதிர்ந்திருந்தால் குண்டு சிதறும். மருந்து சரியில்லை என்றால் சிதறும். துணி, கரி, கல், எது கெட்டாலும் சிதறும். சிதறவில்லை. தன் கண்ணும் நன்றாக இருக்கிறது, கையும் நன்றாக இருக்கிறது. நகர்ந்திருப்பது துப்பாக்கியின் குறி!

துப்பாக்கியை வெளிச்சத்தில் சாய்த்தாள். குழலின்மேல் காடியில் இறுக்கிச் செருகிய பின்குறி, கண் வைத்துக் குறிபார்க்கிற சின்ன உலோகத் துண்டு, பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. எச்சில் தொட்டு விரலால் தேய்த்தாள். விரலில் மை மாதிரி அப்பிக்கொண்டு வந்தது. கரியும் கொழுப்பும் குழைத்துப் பூசியிருந்தார்கள். அடியில், குறியின் இடது ஓரத்தில், ஒரு அரிசி அகலத்துக்கு உலோகம் பளபளவென்று இருந்தது. வருஷக்கணக்காகக் குறி உட்கார்ந்து மூடியிருந்த இடம். யாரோ தட்டி வலது பக்கம் நகர்த்தி, தெரியாமலிருக்கக் கரி பூசியிருக்கிறார்கள்.

அடப் பாவி!

அவளுக்கு வந்த கோபத்தில் அப்படியே கேபினுக்குள் நுழைந்து சாப்பாட்டு மேசையைக் கவிழ்த்திருப்பாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். யார் என்று கேட்டால் யார் ஒத்துக்கொள்வான்? "கீழ விழுந்திருக்கும்," என்பான். "சுடத் தெரியாதவ சாக்கு சொல்றா," என்பான். மறுபடி தொடையைத் தட்டிச் சிரிப்பான். முடியாது. இந்த முறை முடியாது.

வண்டியிலிருந்து சுத்தியும் பித்தளைத் துண்டும் எடுத்துவந்து, அந்தப் பளபளப்பு மறையும்வரை குறியைத் திரும்பத் தட்டினாள். ஒரு குண்டு சுட்டாள். வட்டத்தின் நடுவில் விழுந்தது. குறியைச் சுற்றி அதே கரிக்குழம்பைப் பூசினாள். அட்டையை மடித்து வண்டிக்குள் போட்டு மூடிவிட்டு, கேபினிலிருந்து ஒரு பழைய படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து மேட்டில் விரித்து, அதன் நடுவில் புது மூடி ஒன்றை அடித்தாள்.

மதியம் எல்லோரும் வந்தார்கள்.

"எல்வுட் மாமா, நான் துப்பாக்கியக் குத்தம் சொல்றேன்," என்றாள் ட்வைலா. "சட்டம் இருக்கா இல்லையா?"

"இருக்கும்மா. நீ கேக்கற ஆளு இந்தத் துப்பாக்கியால ஒரு குண்டு சுடணும். மூடியில பட்டா துப்பாக்கி நல்லாருக்குன்னு அர்த்தம், நீ வெளிய. படலன்னா வேற துப்பாக்கியில சுட உனக்கு இன்னொரு வாய்ப்பு." கிழவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "யாரக் கேக்கற?"

"டெல்மர."

டெல்மருக்கு வாயெல்லாம் பல். "என்னையா? நெசமாவா? நான் சுட்டா படுமே, அப்புறம் அழக்கூடாது."

"பட்டா அழறேன். சுடு."

அவளே கெட்டித்து அவன் கையில் கொடுத்தாள். குறியைக் குனிந்து பார்க்க அவனுக்கு ஆசை இருந்திருக்கும். எல்லோர் கண்ணும் அவன்மேல் இருக்கும்போது எப்படிப் பார்ப்பது? தோளில் ஏற்றினான். அவசரப்படவில்லை. மூச்சை விட்டு, நிதானமாக, அவன் சுடுகிற அழகே தனிதான். கல் உரசியது, புகை கிளம்பியது, மலை எதிரொலித்தது.

புகை விலகியது. மூடி அப்படியே இருந்தது. விரிப்பில், மூடிக்கு இடது பக்கம், அரைச் சாண் தள்ளி, ஒரு ஓட்டை.

டெல்மரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நம்ப முடியாதவனாக விரிப்பையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். லமார் வாய் திறந்தார். "நீ தப்பவிட்டு நான் பாத்ததே இல்லயே," என்றார்.

"துப்பாக்கி... துப்பாக்கிதான் சரியில்ல," என்றான் டெல்மர். "அதான் அவளே சொல்றாளே."

"மாமா, நீங்க ஒண்ணு சுடுங்க," என்றாள் ட்வைலா. "லமார், நீங்களும். நேரா மூடிய மட்டும் பாத்துச் சுடுங்க."

எல்வுட் மாமா சுட்டார். மூடியின் நடுவில் விழுந்தது. லமார் சுட்டார். அதற்குப் பக்கத்திலேயே விழுந்தது.

ட்வைலா வண்டியிலிருந்து அட்டையைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் விரித்துப் போட்டாள். "காலைல நான் சுட்டது. அஞ்சும் வலது பக்கம், பாத்துக்குங்க. யாரோ குறியத் தட்டி வெச்சுக் கரி பூசியிருந்தான். நான் சரி பண்ணிட்டேன். இது வலது பக்கம் போற துப்பாக்கின்னு இந்த மலையில எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் தட்டினவனுக்கும். நீங்க ரெண்டு பேரும் நேராப் பாத்தீங்க, நேரா விழுந்தது. இவன் எதுக்கு அரைச் சாண் இடது பக்கம் பாத்தான்? கேளுங்க மாமா, எதுக்குப் பாத்தான்?"

கேட்கத் தேவையே இருக்கவில்லை. டெல்மரின் காது இரண்டும் சிவந்து கிடந்தது.

"பொறுக்கி," என்றாள் ட்வைலா. "ஒரு பாறைக்காகவா? கேட்டு வாங்க வாய் இல்ல, திருட்டுத்தனமா தட்டறதுக்குக் கை இருக்கு. நேத்து எப்படிச் சிரிச்ச? குடும்பமா முட்டை பொரிக்கணுமா?"

"எங்கிட்ட ஏன் பாயற?" டெல்மர் கத்தினான். "உன் புருஷனக் கேளு! போன மாசம் போன் பண்ணி, 'ஒரு அரிசி அளவு தட்டி விடுடா, அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது'ன்னு சொன்னது யாருன்னு அவனக் கேளு!"

ட்வைலா திரும்பினாள். ஹார்லன் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லவில்லை. அவள் ஒரு கணம் அதற்காகக் காத்திருந்தாள், சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு காத்திருந்தாள். அவன் கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டான்.

கல்லை மாற்று. மருந்தைக் குறை. துணியைப் பார். குழலைத் துடை. கண்ணை மூடுகிறாய். நேற்று முழுக்க வரிசையாகச் சொன்னான். எந்தப் பயலின் துப்பாக்கி தப்பினாலும் "முதல்ல குறியப் பாருடா" என்று சொல்கிற மனிதன், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னான். அவள் முழங்காலிட்டுப் பனியில் துணி பொறுக்கியதைக் கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் ஹார்லன்?"

"நான்தான் வாய விட்டுட்டேன் அன்னிக்கு," என்றான் அவன். "எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் எப்படி வாபஸ் வாங்கறது? வீட்டுக்குப் போயி யோசிச்சா... நீ போய் அந்தப் பாறையில உக்காந்துட்டா, நான் செத்துட்டேன்னு ஆயிடும் ட்வைலா. தம்பி உக்காந்தா அது எனக்காகப் பாத்துக்கற மாதிரி. நீ உக்காந்தா அது உன்னோடது."

"நீ சாகல. செத்திருந்தா இந்த வேலைய பண்ணியிருக்க மாட்ட."

எல்வுட் மாமா, "சரி, வீட்டு விஷயம், உள்ள போய்ப் பேசிக்குங்க," என்று ஆரம்பித்தார்.

"உள்ள போக மாட்டேன்! நேத்து எல்லாரும் வெளியதானே நின்னு சிரிச்சீங்க?" அவள் கணவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். தட்ட எடுத்துச் செவுத்துல அடிச்சிருப்பேன். நேருக்கு நேர் நின்னு சண்டை போட்டிருப்போம், அது வேற. என் கண்ணு போச்சு, என் கை போச்சுன்னு என்னையே நம்ப வெச்சியே. பரவால்ல, எல்லாருக்கும் வராதுன்னு தட்டிக் குடுத்தியே, அத எப்படிடா சொன்ன? எப்படி வாய் வந்துச்சு உனக்கு?"

லமார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

ட்வைலா துப்பாக்கியைப் பிடுங்காத குறையாக லமாரிடமிருந்து வாங்கினாள். துடைத்தாள், கெட்டித்தாள், சுட்டாள். மறுபடி கெட்டித்தாள். கோபத்தில் கை ஆடும் என்று அவளே நினைத்தாள். ஆடவில்லை. மூன்றாவது குண்டு போனதும் யாரும் நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மூடியின் நடு கிழிந்து போயிருப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"ஊற்றுப்பாறை உன்னோடது," என்றார் எல்வுட் மாமா. பிறகு டெல்மர் பக்கம் திரும்பினார். "அடுத்தவன் துப்பாக்கியில கை வெச்சவன் இந்த வருஷம் துப்பாக்கியத் தொடக்கூடாது. சமையல்கட்டுக்குப் போ." டெல்மர் ஏதோ முனகினான். கிழவர் முறைத்த முறைப்பில் அதையும் விழுங்கிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் ட்வைலா பன்றித்தொடையை வேகவைத்தாள், வெட்டி அவன் தட்டில் போட்டாள். அவன் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான். முதல் முறை அவள் குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டாவது முறை, "கேட்டுது," என்றாள், அவ்வளவுதான். அன்று மாலையே கேபினுக்குக் கிளம்பினார்கள். அவனை வீட்டில் தனியாக விட முடியாது, அதனால் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் கேபினில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். டெல்மர் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு முட்டை பொரித்தான். ட்வைலா நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டு, தாழ்வாரத்துக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தாள். குறியை விரலால் தடவிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஹார்லன் கதவிடுக்கு வழியாகக் கூப்பிட்டான்.

"ட்வைலா. காத்து வடக்கேர்ந்து அடிக்குது. ஓடை வழியாப் போகாத, உன் வாடை முன்னாடியே போயிடும். மேட்டு வழியா சுத்திப் போ."

முப்பது வருஷமாக அவன் மழை வரும் என்றால் அவள் கொடியிலிருந்து துணியை எடுத்திருக்கிறாள், வானத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே. காற்றையும் பனியையும் பற்றி அவன் சொன்னது தப்பாகி அவள் பார்த்ததில்லை.

படியிறங்கினாள். கையுறையைக் கழற்றினாள். விரலை நனைத்து இருட்டில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். உறுதிப்படுத்திக்கொள்ள, ஒரு பிடி பொடிப்பனியை அள்ளித் தூவி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பார்த்தாள்.

வடக்கிலிருந்துதான் அடித்தது. அவன் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. இனிமேல் அவன் எதைச் சொன்னாலும் இப்படி ஒரு தடவை தானே பார்த்துக்கொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. ஜன்னல் வழியாக அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். திரும்பிப் பார்க்காமல் மேட்டு வழியாக நடந்தாள்.